ஆயுதம் யார் கையில், பேச்சு யாரோடு: நிலையற்ற வட்டாரங்களும் வெளியுறவுக் கொள்கையும்

ஏமனில் குண்டு விழுந்தது, சூடானில் விமான நிலையம் மூடப்பட்டது, ஹோர்முஸ் நீரிணையில் கப்பல் பிடிபட்டது என்ற செய்திகளைத் திருநெல்வேலிச் சீமையில் யாரும் எங்கோ நடப்பவையாகப் படிப்பதில்லை. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடாவில் ஒருவரேனும் வேலை பார்க்காத தெருவைக் காண்பது அரிது. இடிந்தகரை, உவரி, கூட்டப்புளி போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து பஹ்ரைனுக்கும் ஈரானுக்கும் மீன்பிடிப் படகுகளில் கூலிக்குச் செல்பவர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றப்படும் சரக்கு ஐரோப்பாவை அடைவதற்குச் செங்கடல்தான் நெருங்கிய வழி.

இவ்வளவு நெருக்கம் இருந்தும், இந்த வட்டாரங்களைப் பற்றிய நம் பேச்சு சில முன்முடிவுகளிலேயே நின்றுவிடுகிறது. அந்த ஊர்க்காரர்களின் குணமே சண்டைதான் என்கிறோம். நம் அரசு ஏன் ஒரு பக்கமாக நின்று உரக்கப் பேசவில்லை என்று கேட்கிறோம். ராணுவத்தை அனுப்பினால் நம்மவர்களை ஒரே நாளில் மீட்டுவிடலாம் என்று நம்புகிறோம். மூன்றிலும் பிழை இருக்கிறது. அந்தப் பிழை வெறும் அறிவுக் குறையாக நின்றுவிடாமல், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிற குடும்பங்கள் எடுக்கும் முடிவுகளையும் பாதிக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை அடிப்படையிலிருந்து தொடங்குகிறது. முன்னறிவு எதுவும் தேவையில்லை.

நீர்க்கட்டி இல்லாத கால்வாய்

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்குவது எளிது. கன்னடியன் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ தண்ணீர் வந்து குளத்தில் சேர்ந்து, மடை வழியாக வயலுக்குப் பாய்கிறது. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை முறை வைத்துத் திறந்துவிட ஊர் ஒரு நீர்க்கட்டியை நியமித்திருக்கிறது. அவர் பெரிய பலசாலியாக இருக்க வேண்டியதில்லை. அவர் சொல் செல்லும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருப்பதே அவருடைய பலம். அந்த ஏற்பு இருக்கிறவரை, தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் இரவில் வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம்.

இனி, பிசானப் பருவத்தில் மழை பொய்த்த ஓர் ஆண்டை எண்ணிப் பாருங்கள். நீர்க்கட்டிக்குக் கூலி நின்றுபோய் அவர் வேலையை விட்டுவிட்டார், அல்லது ஒரு தரப்புக்கு மட்டும் தண்ணீர் விடுகிறார் என்ற பேச்சு கிளம்பி அவர் சொல் செல்லாமல் போய்விட்டது. அன்றிரவு ஒருவர் தம் வயல் வாய்க்காலை யாரும் அடைத்துவிடக் கூடாது என்று மண்வெட்டியோடு வரப்பில் வந்து உட்காருகிறார். பிறர் தண்ணீரைத் திருடும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. ஆனால் பக்கத்து வயல்காரர் இருட்டில் காண்பது, மண்வெட்டியோடு காத்திருக்கும் ஓர் ஆளைத்தான். மறுநாள் அவர் இரண்டு மகன்களையும் அழைத்து வருகிறார். அதைப் பார்த்து முதலில் வந்து உட்கார்ந்தவர் தம் உறவினர்களைக் கூட்டுகிறார். நான்காம் நாள் வெட்டுக்குத்து நடந்தால், அதற்குக் காரணம் அந்த ஊர்க்காரர்களின் குணம் என்று சொல்வது நியாயமா? அவர்கள் நேற்றுவரை ஒரே கோயில் கொடையில் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்தவர்கள். மாறியது ஒன்றே ஒன்று: முறையைக் காக்கும் பொதுவான கை இல்லாமல் போய்விட்டது.

இந்த நிகழ்வுக்குள் இரண்டு கருத்துகள் அடங்கியிருக்கின்றன. பொதுவான காவல் இல்லாமல் போவது ஒன்று. அதன் பின் ஒருவரின் தற்காப்பு இன்னொருவருக்கு அச்சுறுத்தலாகத் தெரிவது மற்றொன்று. உலக அரசியலில் இவை எப்படி இயங்குகின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அரசு என்றால் எது

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1919இல் ஆற்றிய உரை ஒன்றில் தந்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது. ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் வன்முறையைப் பயன்படுத்தும் நியாயமான உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று வெற்றிகரமாக நிலைநாட்டிய அமைப்பே அரசு என்றார் அவர். இதை ஆயுத ஏகபோகம் என்று சுருக்கிச் சொல்லலாம். காவலரிடம் துப்பாக்கி இருக்கலாம், ஊர்ப் பெரியவரிடம் இருக்கக் கூடாது என்பதை எல்லோரும் ஏற்கும் நிலை அது. கொடி, நாணயம், ஐ.நா. சபையில் நாற்காலி ஆகியவை இருந்தும் இந்த ஏகபோகம் இல்லாத நாட்டைப் பலவீன அரசு என்கிறோம்.

சோமாலியாவை எடுத்துக்கொள்வோம். 1991 ஜனவரியில் சியாத் பர்ரேயின் ஆட்சி கவிழ்ந்த பின், நாடு முழுவதும் சொல் செல்லும் நடுவண் அரசு நீண்ட காலம் அமையவில்லை. கடற்படையும் கடலோரக் காவலும் அத்தோடு கலைந்தன. காவல் இல்லாத அந்தக் கடலுக்குள் வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் புகுந்து மீனை வாரிக்கொண்டு போயின. இழுவை வலை கடலை என்ன செய்யும் என்பது நம் கடற்கரை மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தி இல்லை. கடலைக் காப்பதாகச் சொல்லிப் புறப்பட்ட சில குழுக்களும், பணத்துக்காகவே கிளம்பிய பல குழுக்களும் காலப்போக்கில் ஒன்றாகி, கப்பலைப் பிடித்துப் பணயத்தொகை கேட்கும் தொழிலாக அது வளர்ந்தது. கடற்கொள்ளையை நான் நியாயப்படுத்தவில்லை. அது வளர்ந்த மண் எது என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன்.

சூடானின் கதை வேறு விதமானது. ஒருவகையில் இன்னும் கசப்பானது. அங்கே ஆயுத ஏகபோகத்தை அரசே உடைத்தது. டார்ஃபூர்ப் பகுதிக் கிளர்ச்சியை ஒடுக்க ஜன்ஜவீத் என்ற குதிரைப்படைக் குழுக்களை ஏவிய அதிபர் ஒமர் அல் பஷீர், 2013இல் அவர்களை விரைவு ஆதரவுப் படை என்ற பெயரில் தனிப் படையாக்கினார். ராணுவம் தம்மைக் கவிழ்த்துவிடாமல் இருக்க இன்னொரு படை தேவை என்பது அவர் கணக்கு. ஒரே நாட்டில் இரண்டு படைகள், இரண்டு தளபதிகள், இரண்டு வருமான வழிகள் என்று ஆனது. 2019இல் பஷீர் வீழ்ந்தார். படைகள் இரண்டும் நின்றன. 2023 ஏப்ரல் 15 அன்று அவை தலைநகர் கார்ட்டூமிலேயே ஒன்றையொன்று தாக்கத் தொடங்கின. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்த அந்தப் போரின் விதை, பத்தாண்டுகளுக்கு முன்பு ஓர் ஆட்சியாளர் தம் பாதுகாப்புக்காக ஊன்றியது.

இதுவரை சொன்னதன் சாரம்: ஒரு வட்டாரம் நிலையற்றது என்றால், ஆயுதம் ஏந்தும் உரிமை யாருக்கு என்பது அங்கே தீர்ந்த கேள்வியாக இல்லை என்று பொருள். மக்களின் குணத்துக்கும் மதத்துக்கும் அதில் நாம் நினைக்கும் அளவுக்குப் பங்கில்லை.

பாதுகாப்பு இக்கட்டு

வரப்பில் மண்வெட்டியோடு உட்கார்ந்தவரின் நிலை நாடுகளுக்கும் உண்டு. உலக நாடுகளுக்கு மேலே ஒரு நீர்க்கட்டி கிடையாது. ஐ.நா. பாதுகாப்பு அவை இருக்கிறது என்பார்கள். ஆனால் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் எது ஒன்று மறுத்தாலும் தீர்மானம் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நாடு எடுக்கும் நடவடிக்கை அண்டை நாட்டின் அச்சத்தைக் கூட்டி, அது எடுக்கும் பதில் நடவடிக்கையால் முதல் நாட்டின் பாதுகாப்பே குறைந்துபோகும் நிலையைப் பாதுகாப்பு இக்கட்டு என்று துறையினர் குறிப்பிடுகிறார்கள்.

ஈரானுக்கும் வளைகுடாவின் அரபு நாடுகளுக்கும் இடையே இதைத் தெளிவாகக் காணலாம். 1980 முதல் 1988 வரை ஈராக்கோடு நடந்த போரில் ஈரானின் நகரங்கள் ஏவுகணைகளால் தாக்கப்பட்டன; துணைக்கு வந்த நாடுகள் மிகச் சில. அந்த அனுபவத்திலிருந்து ஈரான் இரண்டு பாடங்களைக் கற்றது: சொந்தமாக ஏவுகணை வேண்டும், எதிரியை எல்லைக்கு வெளியிலேயே தடுக்க லெபனானிலும் ஈராக்கிலும் நட்புக் குழுக்கள் வேண்டும். ஈரானின் கணக்கில் இது தற்காப்பு. சவுதி அரேபியாவின் கண்ணில் இது சுற்றி வளைப்பு. அதனால் சவுதியும் அதன் அண்டை நாடுகளும் அமெரிக்க ஆயுதங்களை வாங்கின. அமெரிக்கப் படைத்தளங்களுக்கு இடம் தந்தன. அவற்றின் கணக்கில் அதுவும் தற்காப்புதான். தன் கடற்கரைக்கு எதிரே அமெரிக்கப் போர்க்கப்பல் நிற்பதைப் பார்க்கும் ஈரானுக்கு அது எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் இங்கே வேண்டும். எல்லாப் போரும் இப்படி அச்சத்தால் மட்டும் பிறப்பதில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் அதிபர் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்தது வெளிப்படையான ஆக்கிரமிப்பு. எது இக்கட்டு, எது பேராசை என்று பிரித்தறிவதே வெளியுறவுத் துறையினரின் கடினமான வேலை. முதல் வகைக்குப் பேச்சும் உறுதிமொழியும் மருந்தாகலாம்; இரண்டாம் வகைக்கு ஆகா.

பதிலிப் படையும் குறுகிய கடலும்

இந்த இக்கட்டில் சிக்கிய நாடுகள் நேருக்கு நேர் மோதத் தயங்கும். செலவும் ஆபத்தும் அதிகம். அதனால் பலவீன அரசு உள்ள மூன்றாம் நாட்டில், உள்ளூர்க் குழுக்களுக்குப் பணமும் ஆயுதமும் தந்து மோதுகின்றன. அத்தகைய குழுவைப் பதிலிப் படை என்பர். ஏமனில் இதுதான் நடந்தது, ஆனால் ஒரு திருத்தத்தோடு. அங்கே போரிடும் ஹூதிகள் என்ற ஆயுதக் குழுவினர் ஈரானால் உருவாக்கப்பட்டவர்கள் அல்லர். வட ஏமனில் அவர்களுக்கென்று பழைய குறைகளும் சொந்த வரலாறும் உண்டு. 2014 செப்டம்பரில் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள்; 2015 மார்ச்சில் சவுதி தலைமையிலான கூட்டணி வான்தாக்குதலைத் தொடங்கியது; ஈரானின் உதவி அதன் பின் பெருகியது. பதிலிப் படை என்றால் பொம்மை என்று எண்ணிக்கொள்வது பெரும் தவறு. உதவி தருபவர் சொன்னால் அவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்ற உறுதி கிடையாது.

ஏமன் முனைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே பாபுல் மண்டப் நீரிணை இருக்கிறது. அதன் அகலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 2023 நவம்பர் முதல் ஹூதிகள் அங்கே சரக்குக் கப்பல்களைத் தாக்கியபோது, பெரிய கப்பல் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. ஐரோப்பியப் பயணத்தில் பத்து நாள் அளவுக்குக் கூடியது. வாடகையும் காப்பீட்டுத் தொகையும் ஏறின. மறுபுறம், உலக எண்ணெய் நுகர்வில் ஐந்தில் ஒரு பங்கு அளவு எண்ணெய் 2024இல் பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை வழியாகச் சென்றது. கடலின் இத்தகைய குறுகிய இடங்களுக்கு அருகே ஒரு பலவீன அரசு இருந்தால், சில ஆயிரம் பேர் கொண்ட குழுவும் உலக வாணிகத்தைத் தொல்லைப்படுத்த முடியும்.

அங்கீகாரம் வேறு, பேச்சு வேறு

ஒரு நாடு இன்னொரு நாட்டின் ஆட்சியைச் சட்டப்படி உரிய ஆட்சியாக ஏற்பது அங்கீகாரம். இது ஒரு முறையான செயல். பேசுவதற்கு அது தேவையில்லை. செய்தியைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான்கள் காபூலைப் பிடித்தபோது இந்தியா தன் தூதரகத்தை மூடி ஊழியர்களை அழைத்துக்கொண்டது. 2022 ஜூனில் ஒரு தொழில்நுட்பக் குழு காபூலுக்குத் திரும்பியது. உதவிப் பொருள் போய்ச் சேர்வதைக் கவனிப்பது அதன் பணி. 2025 ஜனவரியில் இந்திய வெளியுறவுச் செயலர் துபாயில் தாலிபானின் வெளியுறவு அமைச்சரைச் சந்தித்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவ்வமைச்சர் டெல்லிக்கு வந்தபோது, அந்தக் குழு தூதரகமாக உயர்த்தப்படும் என்று இந்தியா அறிவித்தது. இவற்றில் எதுவும் அங்கீகாரம் அன்று. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவை மூடிய ஆட்சியோடு உட்கார்ந்து பேசுவது யாருக்கும் உவப்பான காட்சி இல்லை. எனக்கும் இல்லை. ஆயினும் அந்த மண்ணைத் தளமாகக் கொண்டு நம்மைத் தாக்கும் குழுக்கள் வளராமல் தடுக்க வேண்டுமானால், அங்கே ஆயுதம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் பேசியாக வேண்டும்.

சுருங்கச் சொன்னால், நிலையற்ற வட்டாரத்தில் சட்டப்படி ஆள்பவரும் உண்மையில் கட்டுப்படுத்துபவரும் வேறு வேறாக இருக்கலாம். வெளியுறவுக் கொள்கை இருவரையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாத் தரப்பிடமும் ஒரு வாசல்

வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தின் ஆறு நாடுகளில் ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர் வாழ்கிறார்கள். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் இந்தியாவின் மேற்காசியக் கொள்கையில் பாதி விளங்கிவிடும்.

1990இல் குவைத்தை ஈராக் பிடித்தபோது அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் சிக்கிக்கொண்டார்கள். அன்றைய வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் சென்று சதாம் உசேனைச் சந்தித்தார். இருவரும் தழுவிக்கொண்ட படம் உலகெங்கும் வெளியாகி, ஆக்கிரமிப்பாளரைத் தழுவுவதா என்ற கடும் கண்டனம் எழுந்தது. கண்டித்தவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் குவைத்திலிருந்த தொழிலாளர்கள் பேருந்துகளில் ஈராக் வழியாக ஜோர்டானின் அம்மானை அடைய ஈராக்கின் சம்மதம் வேண்டும். அது கிடைத்தது. அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் இரண்டு மாதங்களுக்கு இடைவிடாமல் பறந்து அவர்களை மும்பைக்குக் கொண்டுவந்து சேர்த்தன.

ஏமன், 2015. சனா நகரம் ஹூதிகளின் கையில். அதன் வானம் சவுதிக் கூட்டணியின் கையில். ஏடன் துறைமுகத்தில் தெருச்சண்டை. ஒரு விமானம் சனாவில் இறங்க, மேலே இருப்பவரும் சம்மதிக்க வேண்டும், கீழே இருப்பவரும் சம்மதிக்க வேண்டும். இந்தியா சவுதியிடம் நாள்தோறும் சில மணி நேர இடைவெளியைக் கேட்டுப் பெற்றது. தரையில் இருந்தவர்களோடும் ஏற்பாடு செய்துகொண்டது. கடற்படையின் சுமித்ரா கப்பல் ஏடனுக்குள் சென்று மக்களை ஏற்றி ஜிபூட்டியில் இறக்கியது. ராஹத் எனப் பெயரிடப்பட்ட அந்த நடவடிக்கையில் 4,600க்கும் மேற்பட்ட இந்தியரோடு, 41 நாடுகளைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட வெளிநாட்டவரும் மீட்கப்பட்டனர். தம் மக்களை மீட்கத் தமக்கு வாசல் இல்லாத பல நாடுகள் இந்தியாவிடம் உதவி கேட்டன. சவுதியின் போரை அன்று இந்தியா உரக்க ஆதரித்திருந்தாலோ உரக்கக் கண்டித்திருந்தாலோ இரண்டு வாசல்களில் ஒன்று மூடியிருக்கும்.

வாசலே இல்லாத இடமும் உண்டு. 2014 ஜூனில் ஐ.எஸ். அமைப்பு ஈராக்கின் மோசூல் நகரைப் பிடித்தது. திக்ரித் மருத்துவமனையில் சிக்கிய இந்தியச் செவிலியர் 46 பேரில் பெரும்பாலோர் கேரளத்தவர். தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவரும் அவர்களில் இருந்தார். அவர்கள் ஜூலை முதல் வாரத்தில் எர்பில் நகர் வழியாகக் கொச்சிக்குத் திரும்பினார்கள். அதே நாள்களில் மோசூலில் கடத்தப்பட்ட இந்தியக் கட்டுமானத் தொழிலாளர்கள் 39 பேர் திரும்பவில்லை. அவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பதை மரபணுச் சோதனைக்குப் பின் 2018 மார்ச்சில்தான் அரசு உறுதிசெய்தது. அந்தக் குடும்பங்கள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நம்பிக்கைக்கும் துக்கத்துக்கும் நடுவே வைக்கப்பட்டிருந்தன என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. ஐ.எஸ். அமைப்புக்குத் தூதரகம் இல்லை. அதன் மீது செல்வாக்குச் செலுத்தக்கூடிய அரசும் இல்லை. பேச வழியற்ற ஓர் ஆயுதக் குழுவின் முன் ஒரு பெரிய நாடு எவ்வளவு கையறு நிலையில் நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தியா எந்தக் கூட்டணியிலும் தன்னைக் கட்டிக்கொள்ளாமல், ஒவ்வொரு விவகாரத்திலும் தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமையை வைத்துக்கொள்ள முயல்கிறது. இதை உத்திசார் தன்னாட்சி என்பார்கள். 1988இல் பாலஸ்தீனத்தைத் தனி நாடாக ஏற்றதும், 1992இல் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு தொடங்கியதும், 2024இல் ஈரானின் சாபஹார் துறைமுகத்தில் ஒரு முனையத்தைப் பத்தாண்டுகள் நடத்த ஒப்பந்தம் செய்ததும் இந்த ஒரே நூலில் கோத்தவை.

ராணுவத்தை அனுப்பினால் முடிந்துவிடாதா

இந்தக் கேள்விக்குத் தென்தமிழ்நாட்டில் பிறந்த எவரும் தொலைவில் விடை தேட வேண்டியதில்லை. 1987 ஜூலையில் கையெழுத்தான இந்திய–இலங்கை உடன்பாட்டை அடுத்து இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குச் சென்றது. இரு தரப்புக்கும் நடுவே நிற்கச் சென்ற படை சில மாதங்களில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. ஈழத் தமிழ்ப் பொதுமக்கள் பலர் உயிரிழந்தார்கள். 1,000க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் இறந்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது, போன நோக்கம் எதுவும் நிறைவேறியிருக்கவில்லை. வெளியிலிருந்து வரும் படை நடுவராக நுழையலாம். ஆனால் அது சுடத் தொடங்கிய நாளில் அதுவும் இன்னொரு தரப்பாகிவிடுகிறது. இது நம் மனத்தில் ஆறாத புண். அதனாலேயே இந்தப் பாடத்தை நாம் மறக்கக் கூடாது.

படையால் சாதிக்க முடிந்ததும் உண்டு. அதன் இலக்கு சிறியதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். 2008 அக்டோபர் முதல் ஏடன் வளைகுடாவில் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் காவல் சுற்றிவருகின்றன. 2023 டிசம்பரில் சோமாலியக் கொள்ளையர் கடத்திய ரூவன் என்ற சரக்குக் கப்பலை, 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படை நடுக்கடலில் மடக்கி, 17 மாலுமிகளைக் காயமின்றி மீட்டு, 35 கொள்ளையரைச் சரணடைய வைத்தது. ஆனால் இந்தக் காவல் கரையில் அரசை உண்டாக்காது. நோய் நிலத்தில் இருக்கிறது. கடலில் அதன் காய்ச்சலை மட்டும் தணிக்கலாம். காவல் தளர்ந்த ஒவ்வொரு முறையும் கொள்ளை தலைதூக்குவதற்கு அதுவே காரணம்.

இந்த வழிக்கும் விலை உண்டு

எல்லோரிடமும் பேசும் கொள்கையைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. வாசலைத் திறந்து வைப்பதற்காகக் காக்கும் மௌனம், பொதுமக்கள் கொத்துக் கொத்தாகக் கொல்லப்படும் நாள்களில் உடந்தை போலத் தோன்றும். சில வேளைகளில் தோற்றத்தோடு நிற்பதும் இல்லை. மீட்பு வேலை நடக்கும்போது அரசு குரலைத் தாழ்த்திக்கொள்வதை நான் ஏற்கிறேன். நம் ஆள் எவரும் சிக்கியிராத இடத்திலும் அதே தாழ்ந்த குரல் தொடர்ந்தால் அதற்குக் காரணம் கேட்கும் கடமை குடிமக்களுக்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

தன்னாட்சிக்கும் எல்லை இருக்கிறது. ஈரானிடமிருந்து எண்ணெய் வாங்குவதை இந்தியா 2019 மே மாதத்தில் நிறுத்தியது. வாங்க விருப்பமில்லாமல் அல்ல. அமெரிக்கா விதித்த பொருளாதாரத் தடையிலிருந்து தந்திருந்த விலக்கு முடிந்துபோனதால். பொருளாதாரத் தடை என்பது ஒரு நாட்டோடு வணிகம் செய்பவரைத் தன் சந்தையிலிருந்தும் வங்கி முறையிலிருந்தும் விலக்கிவைப்பதாக வலிய நாடு விடுக்கும் மிரட்டல். டாலரில் கணக்கு வைக்கும் எந்த எண்ணெய் நிறுவனமும் அதை எளிதில் மீற முடியாது.

தூதரகத்தால் முடிந்ததும் முடியாததும்

இனி, நம் ஊருக்கு மிக அருகில் வருவோம். 2024 செப்டம்பரில், ஈரானில் மீன்பிடி வேலை செய்துவந்த இடிந்தகரை மீனவர்கள் 28 பேர் பஹ்ரைன் கடற்பகுதிக்குள் நுழைந்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். தண்டனை விதிக்கப்பட்டுப் பின் குறைக்கப்பட்டு, டிசம்பரில் விடுதலையாகி ஊர் திரும்பினார்கள். பாரசீக வளைகுடா அகலம் குறைந்த கடல். எல்லைக்கோடு தண்ணீரில் எழுதியிருக்காது. காற்றும் நீரோட்டமும் இழுத்துச் செல்லும் படகு எந்த நாட்டுக் கடலில் நிற்கிறது என்பதை இரவில் அறிவது கடினம். அண்டை நாடுகளுக்குள் நம்பிக்கை இருந்தால் இத்தகைய படகைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாதுகாப்பு இக்கட்டில் சிக்கிய கடலிலோ, ஈரானிலிருந்து வரும் எந்தப் படகும் முதலில் ஐயத்துக்குரியது. மேலே சொன்ன பெரிய அரசியல் எல்லாம், சம்பளத்துக்குப் போன ஒரு மீனவரின் கையில் விலங்காக விழும் விதம் இதுதான்.

அப்போது இந்தியத் தூதரகம் என்ன செய்யலாம்? தூதரக உறவுகள் குறித்த 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி, கைதான தன் குடிமகனைச் சந்திக்கவும், அவருக்கு வழக்கறிஞர் கிடைக்க வழிசெய்யவும் அதற்கு உரிமை உண்டு. கருணை கேட்டு அந்நாட்டு அரசிடம் பேசலாம். கடவுச்சீட்டு இல்லாதவருக்கு ஊர் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழ் தரலாம். நீதிமன்றத் தீர்ப்பை மாற்ற முடியாது. சிறைக்கதவைத் திறக்கும்படி கட்டளையிட முடியாது. தூதர் நினைத்தால் எல்லாம் நடக்கும் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகவும், அயலகத் தமிழர் நலத் துறை வழியாகவும் உடனே எழுத்து மூலம் மனு கொடுப்பது பயன் தரும். தூதரகத்துக்குப் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் கைக்கு வந்த பிறகே அதன் வேலை தொடங்குகிறது.

புறப்படும் முன்பே கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வேலைக்குச் செல்லும்போது, வளைகுடா நாடுகள், ஈராக், ஏமன், சூடான், லிபியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் முன்அனுமதி வேண்டும். இதை வெறும் அலைக்கழிப்பு என்று எண்ணிச் சுற்றுலா விசாவில் ஏறிச் சென்று அங்கே வேலைக்குச் சேர்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். முகவர்களும் அதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். போர் மூண்டு மீட்பு விமானம் வரும் நாளில், தூதரகம் தன்னிடம் உள்ள பட்டியலை வைத்தே ஆள்களைத் தொலைபேசியில் அழைக்கிறது. சுற்றுலா விசாவில் போனவரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. அவர் எந்த ஊரில், எந்த முதலாளியிடம், எந்த முகாமில் இருக்கிறார் என்பது ஊரிலிருக்கும் அவருடைய வீட்டாருக்கும் பல வேளைகளில் தெரிவதில்லை.